கண் கூசிய கேமராக்கள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஆழ்வார் பாசுரமோ சங்கப் பாடலோ பேசுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்தில் நின்றுகொண்டு, பழைய டெலிவிஷன் கேமராவைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அதுதான். ஸ்டுடியோ கேமராக்களைப் பராமரிக்கும் வேலையில் என் உத்தியோகக் காலம் கழிந்தது. திரையில் வந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். அவர்களைத் திரைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தையும், அதோடு மல்லுக்கட்டியவர்களையும் பற்றி எழுதியவர்கள் குறைவு.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். அந்தக் கேமராக்களை வடிவமைத்தவர்கள் நம் முகத்தையும் நம் வெயிலையும் நம் வேட்டியையும் மனத்தில் வைத்து வடிவமைக்கவில்லை. ஸ்டுடியோவிலும் கல்யாண மண்டபத்திலும் வேலை பார்த்த ஆட்கள்தான் அவற்றை நமக்குப் பழக்கினார்கள். அந்தப் பழக்கத்தின் சில நுணுக்கங்களை இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் டெலிவிஷன் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். ஓர் எழுத்தை ஸ்கேன் செய்தார். அதன் உருவம் கேத்தோடு கதிர்க் குழாயின் திரையில் தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். டில்லியில் ஒளிபரப்பு தொடங்க இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டவர் யார்? நம் ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை அவர்தான் அரசின் தலைவர். பிறகு தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் ஆட்சியில் ஒரு மாணவர் செய்து காட்டிய ஒற்றை எழுத்து, இந்தியாவில் பொதுமக்கள் முன் தெரிந்த முதல் டெலிவிஷன் உருவங்களில் ஒன்று. இதை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

டில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பம்பாய்க்கு 1972இல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்போது ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985இல்தான். சென்னைக் கோபுரத்தின் அலை செங்கல்பட்டைத் தாண்டவே திணறிய காலத்தில், இங்கே டெலிவிஷன் என்பது பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் சங்கதி.

இனி கேமராவுக்குள் போவோம். இன்று உங்கள் செல்போனில் நகத்தளவு சில்லு ஒன்று படம் பிடிக்கிறது. அன்று அந்த வேலையைச் செய்தது கண்ணாடிக் குழாய். ஒளி அதன் முகப்பில் விழும். உள்ளே மின்னூட்டமாக மாறும். எலக்ட்ரான் கற்றை ஒன்று வரி வரியாக அதைப் படித்து சிக்னலாக வெளியே அனுப்பும். நாற்பதுகளில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த இமேஜ் ஆர்த்திகான் என்ற குழாய்தான் நெடுங்காலம் உலக ஸ்டுடியோக்களை ஆண்டது. முகப்பு 3 அங்குலம், நீளம் 15 அங்குலம். அதை அங்கே செல்லமாக 'இம்மி' என்று கூப்பிட்டார்கள். அமெரிக்காவின் எம்மி விருதுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

இம்மிக்கு ராஜகுமாரியின் குணம். குளிரிலும் வேலை செய்யாது, சூட்டிலும் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு 35 டிகிரி சூடாவது ஏறினால்தான் படம் ஒழுங்காக வரும். அதனால் நிகழ்ச்சிக்கு வெகுநேரம் முன்பே கேமராவைப் போட்டுக் காய வைப்பார்கள். சூடு மிஞ்சினால் படம் மழுங்கும், மின்விசிறி ஓட வேண்டும். ஒரே காட்சியை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த உருவம் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். நிகழ்ச்சித் தலைப்பு அட்டையை ஐந்து நிமிஷம் காட்டிவிட்டுப் பாடகரின் முகத்துக்குத் திரும்பினால், பாடகரின் நெற்றியில் தலைப்பின் எழுத்து ஆவி போலத் தெரியும். இதற்காகவே உருவத்தை மெதுவாக, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் சுற்றி நகர்த்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடுகளைச் செய்தார்கள். வேலை இல்லாத கேமராவுக்கு உடனே லென்ஸ் மூடியைப் போடுவது கேமராமேனின் முதல் ஒழுக்கம்.

இந்தக் குழாய்களை முகம் குப்புறத் தொங்கவிடவும் கூடாது. உள்ளே உதிர்ந்து கிடக்கும் துகள் முகப்பில் விழுந்தால் படத்தில் நிரந்தரப் புள்ளியாகிவிடும். அப்படியானால் சமையல் சட்டியை மேலிருந்து எப்படிக் காட்டுவது? கோலத்தை? வீணையின் மெட்டுகளில் விரல் ஓடுவதை? கேமராவைத் தரையில் நிறுத்தி, மேஜைக்கு மேலே பெரிய கண்ணாடியைச் சாய்த்துக் கட்டி, கண்ணாடியில் தெரிவதைப் படம் பிடித்தார்கள். கண்ணாடியில் இடம் வலம் மாறுமே? அதற்கு எலக்ட்ரான் கற்றை வரியைப் படிக்கும் திசையைத் திருப்பிப் போட்டார்கள். கோளாறு கண்ணாடிக் குழாயால் வந்தது, வைத்தியம் முகம் பார்க்கும் கண்ணாடியால் வந்தது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இமேஜ் ஆர்த்திகானுக்குப் பளிச்சென்ற புள்ளி ஆகாது. பிரகாசமான புள்ளியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் கட்டும். மெழுகுவர்த்தியைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, வைரத்தைச் சுற்றி. பாட்டுக் கச்சேரிக்கு வரும் அம்மாவின் மூக்குத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கல் பேசரி, காதில் தோடு, கழுத்தில் அட்டிகை, உடம்பில் அரை முழச் சரிகை. ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கறுப்பு வளையம். மேலை நாட்டு ஸ்டுடியோக்களில் மங்கலாக்கும் ஸ்பிரேயை அடிப்பார்கள். நம்மூரில் மூக்குத்தியின் மேல் ஸ்பிரே அடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மேக்கப்காரர் பான்கேக்கை விரல் நுனியில் தொட்டு, அம்மாவிடம் அனுமதி கேட்டு, கல்லின் மேல் ஒரு பூச்சுப் பூசுவார். கச்சேரி முடிந்ததும் துடைத்துக் கொடுப்பார். மேக்கப் அறையில் பார்த்துப் பழகிய எனக்கு இது கோயிலில் நடக்கும் உபசாரம் மாதிரியே படும்.

அதைவிடப் பெரிய தொல்லை வெள்ளை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சின் நடுநாயகம் இதுதான்.

குழாய்க் கேமரா, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசத்தைத்தான் தாங்கும். நம் கண் அதைவிடப் பல மடங்கு தாங்கும். சலவைக்குப் போய் நீலம் போட்டு வந்த வேட்டி, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நம்மவரின் கறுத்த முகம் அதில் சிறு பங்கைத்தான் திருப்பும். இரண்டும் ஒரே ஃபிரேமில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர் வேட்டிக்காக ஐரிஸை, அதாவது லென்ஸின் துவாரத்தை, குறைத்தால் முகம் கரித்துண்டாகும். முகத்துக்காக ஐரிஸைத் திறந்தால் வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் மடிப்பு தெரியாத சுண்ணாம்புச் சுவராகும். 

மேலை நாட்டில் இதே தொல்லைக்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள். டெலிவிஷன் வெள்ளை என்பது அசல் வெள்ளை அல்ல, ஒளியில் 60 சதவீதம் அளவுக்குத் திருப்பும் மங்கிய வெள்ளை. சட்டைகளைத் தேநீரில் முக்கி எடுத்துப் பழுப்பாக்குவதும் சினிமாவிலும் டெலிவிஷனிலும் உண்டு. அங்கே அது போதும், ஏனென்றால் அவர்கள் முகமும் அந்த வெள்ளைக்குச் சில படிகள்தான் கீழே. வண்ணக் கேமராவைச் சரிபார்க்க அவர்கள் பயன்படுத்திய மாதிரி முகமும் வெளுத்த நிறப் பெண்ணின் முகமே. கேமராவுக்கு எது சரியான மனிதத் தோல் என்பதைத் தொழிற்சாலையிலேயே தீர்மானித்து அனுப்பிவிட்டார்கள். இதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் நின்ற முகத்துக்குச் செய்தார்கள். ஆனால் விளைவு என்னவோ, விவசாயி ஒருவரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து வெள்ளாமையைப் பற்றிப் பேசவிட்டால் அவர் வேட்டிதான் பேசியது, முகம் பேசவில்லை.

அவரிடம் போய் வேறு உடை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லலாமா? சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்காது. நல்ல லைட்மேன் அப்படிச் சொல்ல மாட்டார். விவசாயியின் முகத்துக்கு ஒரு விளக்கு போடுவார். அதன் இரும்புக் கதவுகளைச் சாய்த்து, கழுத்துக்குக் கீழே ஒளி விழாமல் மறைப்பார். அதுவும் போதாவிட்டால் விளக்கின் கீழ்ப்பாதியில் வலைத்துணியை மாட்டுவார். நம் சத்திரப்பட்டித் தறிகளில் ஓடுகிறதே பேண்டேஜ் துணி, பார்க்க ஏறக்குறைய அந்த ரகம்தான். ஒரு மடிப்பு போட்டால் ஒளி கொஞ்சம் குறையும், இரண்டு மடிப்பு போட்டால் இன்னும் குறையும். வேட்டிக்கு இரண்டு மடிப்பு வெளிச்சம், முகத்துக்குத் திறந்த வெளிச்சம். பிறகு தலைமுடியும் பின்திரையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தோளுக்குப் பின்னால் இன்னொரு விளக்கு. பேசுகிறவர் முன்னால் குனிந்தால் முகம் நிழலுக்குள் போய்விடும் என்பதால் நாற்காலியின் பின்கால்களைச் சற்று வெட்டி, அவர் சாய்ந்தே உட்காரும்படி செய்ததையும் பார்த்திருக்கிறேன். இந்த வித்தையை வேட்டிக்கென்று சொல்லித் தரும் கையேடு எதையும் நான் பார்த்ததில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தில் வேட்டி என்ற சொல்லே கிடையாது.

லென்ஸ் விஷயம் அவ்வளவு துயரம் இல்லை, ஆனால் சுவையானது. ஜூம் லென்ஸ் ஸ்டுடியோவில் பரவலாவதற்கு முன், கேமராவின் மூக்கில் ஒரு வட்டத்தட்டு இருக்கும். அதில் நாலு லென்ஸ், அகலம் முதல் நெருக்கம் வரை. பின்னால் இருக்கும் கைப்பிடியைத் திருகினால் வட்டத்தட்டு சுழன்று அடுத்த லென்ஸ் முன்னால் வரும். அது சுழலும்போது அந்தக் கேமராவின் படம் ஒளிபரப்பில் போய்க்கொண்டிருக்கக் கூடாது. கேமராவின் தலைமேல் சிவப்பு விளக்கு எரிந்தால் கையை வைக்கக் கூடாது. அணைந்த நொடியில் திருகி, ஃபோகஸ் பிடித்து, ஃபிரேம் கட்டி, மறுபடி சிவப்பு எரிவதற்குள் தயாராக வேண்டும். பல கேமராக்களில் ஃபோகஸுக்கு லென்ஸ் நகராது. பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே குழாயே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போகும்.

இந்த ஏற்பாட்டில் பரதநாட்டியத்தைப் படம் பிடிப்பதை யோசியுங்கள். அடவு ஆடும்போது பாதம் தெரிய வேண்டும், அபிநயத்தில் கண் தெரிய வேண்டும். ஒரு கேமரா முழு உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொன்று லென்ஸ் மாற்றிக்கொண்டு கண்ணுக்குப் போகும். எப்போது ஜதி முடியும், எப்போது வரி திரும்ப வரும் என்பது தெரியாத கேமராமேன் அங்கே தோற்றுப் போவான். தாளம் தெரிந்தவன்தான் பிழைத்தான். அப்படித்தான் பல கேமராமேன்கள் சங்கீதம் கற்றுக்கொண்டார்கள், ஞானத்துக்காக அல்ல, சிவப்பு விளக்குக்காக. கச்சேரியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விளக்குச் சூட்டில் மிருதங்கத்தின் தோல் காய்ந்து சுருதி ஏறும். ஏசியைக் கூட்டினால் வேறு கூத்து. வித்வான் கல்லையும் கட்டையையும் கையிலேயே வைத்திருப்பார், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் தட்டிச் சேர்ப்பார்.

அடுத்து வந்த குழாய்கள் விடிகான், பிளம்பிகான். விடிகானை ஆர்சிஏ 1950இல் கொண்டுவந்தது. சின்னது, மலிவு, உறுதியானது. ஆனால் சோம்பேறி. அசையும் பொருளுக்குப் பின்னால் நிழல் இழுபடும். அறுபதுகளில் பிலிப்ஸ் கொண்டுவந்த பிளம்பிகானில் ஈய ஆக்சைடு பூச்சு. இழுவை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் மிகப் பிரகாசமான ஒன்று அசைந்தால் வால்நட்சத்திரம் போல வால் முளைக்கும். கோயிலில் கற்பூர ஆரத்தி காட்டுவதை நினைத்துப் பாருங்கள். அர்ச்சகர் வலமாகச் சுற்றினால் திரையில் நெருப்பு வளையமே கட்டிவிடும். இதற்கென்று பிலிப்ஸ் வால் வெட்டும் அமைப்பு கொண்ட பிளம்பிகானைப் பின்னால் செய்தது. அது வரும்வரை தீபாராதனை நேரத்தில் கேமராமேன்கள் விளக்கைக் காட்டாமல், விளக்கின் வெளிச்சம் விழும் மூலவரையும் கைகூப்பிய முகங்களையும் காட்டினார்கள். இன்றைக்கும் கோயில் நேரலைகளில் ஆரத்தியின் உச்சத்தில் பக்தரின் முகத்துக்கு வெட்டுகிறார்கள். சில்லு கேமராவுக்கு வால் முளைக்காது. வால் போனாலும் வழக்கம் போகவில்லை.

குழாய்க்கு ஒரே ஒரு எமன் உண்டு. அது சூரியன். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 நிலவில் இறங்கியது. வண்ணக் கேமராவை ஸ்டாண்டுக்கு மாற்றும்போது ஆலன் பீன் அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பிவிட்டார். குழாய் கருகியது. அந்தப் பயணத்தில் நிலவின் தரையிலிருந்து மேற்கொண்டு டெலிவிஷன் படமே இல்லை. கோடிக்கணக்கில் டாலர் செலவழித்து நிலவுக்குப் போனவருக்கு நடந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நடக்காதா?

அந்த வீதியையே எடுத்துக்கொள்வோம். ராஜகோபுரம் 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் நிற்பது இந்தக் கோபுரம்தான் என்று சொல்வார்கள். அன்றைய டெலிவிஷன் ஃபிரேமோ அகலம் நாலு, உயரம் மூன்று. கோபுரம் முழுவதையும் அடக்க வெகுதூரம் பின்னால் போக வேண்டும். வீதியில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே கலசத்தில் தொடங்கிக் கீழே இறங்குவது அல்லது கீழே தொடங்கி மேலே ஏறுவது. மேலே ஏறினால் வானம் வரும். வானத்தின் வெளிச்சத்தில் கோபுரம் கறுக்கும். மாலை நேரமானால் சூரியன் மேற்கே மலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிக்கும் கூட்டம் தள்ளும் தள்ளில் கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் போதும். குழாய்க் காலத்தில் திருவிழாவுக்குப் போன கேமராமேன்கள் சூரியன் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்தார்கள். சாமி எங்கே வருகிறது என்பதைப் பிறகுதான் பார்த்தார்கள்.

ஆனால் ஸ்டுடியோ கேமரா இந்த ஊர்வரை வருவதே அரிது. விரல் தடிமனைத் தாண்டிய கேபிள் ஒன்றின் முனையில் அது கட்டப்பட்டிருக்கும். அதற்குள் பல பத்துக் கம்பிகள். மறுமுனையில் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதனால் தூர்தர்ஷனின் ஆரம்ப காலச் செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தவை. எடுத்த ஃபிலிமைக் கழுவி, அதை டெலிசினி கருவியில் ஓட்டி, அங்கே ஒரு டெலிவிஷன் குழாய் அதைப் பார்த்து சிக்னலாக்கும். இங்கே எடுத்த காட்சி சென்னைக்குப் போக வேண்டுமானால் ரயில்தான். ராஜபாளையம் வழியாகப் போன கொல்லம் மெயில், மீட்டர் கேஜ் வண்டி. இன்று நடந்தது நாளை போய்ச் சேரும், கழுவி வெட்டி மறுநாள் வந்தால் அதிர்ஷ்டம். செய்தி என்பதற்கு அன்று வேறு வேகம்.

1982இல் டில்லி ஆசிய விளையாட்டோடு வண்ணம் வந்தது. எங்களுக்கு அதோடு வேலையும் மும்மடங்கானது. வண்ணக் கேமராவில் மூன்று குழாய்கள். லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம், ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும். மூன்று குழாய்களின் படமும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் செய்தி வாசிப்பவரின் கண்ணுக்கு ஒரு பக்கம் சிவப்பு ஓரம், மறுபக்கம் நீல ஓரம்.

மூன்றையும் இப்படிப் பொருத்தி உட்கார வைக்கும் காலை லைன்-அப் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கேமராவைப் போட்டுக் காய விடுவோம். எதிரே கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டம் போட்ட சார்ட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக விளக்கு போடுவோம். பச்சைக் குழாய்தான் மாப்பிள்ளை, அதை அசைக்கக் கூடாது. மானிட்டரில் சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்துப் பார்ப்போம். இரண்டும் பொருந்திய இடத்தில் கோடு மறைந்து வெறும் சாம்பல் நிறம் நிற்கும். பொருந்தாத இடத்தில் கோடு இரட்டையாக, ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் தெரியும். சின்ன ஸ்குரூ டிரைவரால் மேலே கீழே, இடது வலது, அகலம், உயரம், சாய்வு, சுழற்சி என்று ஒவ்வொன்றாகத் திருகுவோம். நடுவில் பொருந்தினால் மூலையில் விலகும். மூலையைப் பிடித்தால் நடு நழுவும். முடிந்ததும் நீலத்துக்கு இதே சடங்கு. பிறகு சாம்பல் படிகள் போட்ட கிரே ஸ்கேல் சார்ட்டை வைத்துக் கறுப்பையும் வெள்ளையையும் சமன்படுத்துவோம். ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஸ்டுடியோவில் மூன்று நாலு கேமரா. மத்தியானம் ஏசி நின்று போனால் சூடு ஏறி எல்லாம் மறுபடி நழுவும். வேனில் ஏற்றி ஊர் ஊராகக் குலுக்கிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

சார்ட்டோடு வேலையை முடித்துக்கொண்டவர்கள் உண்டு. என் மூத்தவர்கள் முடித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் ஃப்ளோரில் இருக்கும் யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு, விளக்குக்கு முன்னால் நிற்க வைத்து, அவன் கன்னத்தைப் பார்த்து இன்னொரு நூலளவு திருகுவார்கள். சார்ட் சொன்னதற்கும் கன்னம் கேட்டதற்கும் உள்ள அந்த நூலளவில்தான் எங்கள் தொழில் இருந்தது.

தென்மாவட்டங்களில் பலர் முதலில் பார்த்தது சென்னையை அல்ல, இலங்கையை. 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. கடல் தாண்டி வந்த அலைக்காக மொட்டை மாடிகளில் இரும்புக் குழாயை இணைத்து இணைத்து உயரமான ஆன்டெனா நட்டார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியில் திருப்ப, ஒருவர் கூடத்திலிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று கத்த, படம் வந்து போகும். கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்த பிறகு இந்தக் கூத்து குறைந்தது. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தாண்டிப் போகிறேன்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இந்த இரண்டு ஊர்களின் சொந்தக் கேமரா வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது கல்யாண மண்டபத்தில். எண்பதுகளின் கடைசியிலிருந்து விஎச்எஸ் கேமரா தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களுக்கு வந்தது. பேனாசோனிக் எம்-1000, எம்-3000 என்று சொன்னால் இங்கே உட்கார்ந்திருக்கும் வீடியோக்காரர்கள் புன்னகைப்பார்கள் என்று நினைக்கிறேன். தோளில் ஏற்றும் கேமரா, முழு அளவு கேசட்டை அப்படியே விழுங்கும். இவற்றில் குழாய் இல்லை, சில்லுதான். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி. பெரிய ஸ்டுடியோக்களே குழாயை முழுதாகக் கைவிடாத காலத்தில், ராஜபாளையத்து வீடியோக்காரர் சில்லுக்கு வந்துவிட்டார். வால் முளைக்காது, ஒட்டிக்கொள்ளாது, லைன்-அப் தேவையில்லை.

ஆனால் முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு. மண்டபத்தில் நாலு டியூப்லைட். ஹோமப் புகை. அந்தச் சில்லுக்கு அவ்வளவு குறைந்த ஒளி போதாது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரையும். ஆகவே சன் கன். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பையன் முன்னால் நடப்பான். மணப்பெண் கண்ணைச் சுருக்குவாள். ஐயர் முறைப்பார். சமையல்கட்டில் கிரைண்டரும் ஓடினால் ஃபியூஸ் போகும். அனுபவப்பட்டவர்கள் மைக்செட்காரரோடு முன்கூட்டியே பேசி ஜெனரேட்டரில் இணைப்பு வாங்கிவிடுவார்கள். இன்னும் தேர்ந்தவர்கள் விளக்கை நேராக அடிக்காமல் மேல்கூரைக்கோ, ஒரு தெர்மோகோல் அட்டைக்கோ அடித்துத் திருப்புவார்கள். அந்தத் திரும்பிய ஒளியில் கறுத்த பெண்ணின் முகமும் மஞ்சளும் நகையும் பட்டும் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கும். வலைத்துணியால் ஸ்டுடியோ லைட்மேன் தீர்த்த அதே கணக்கைத் தெர்மோகோல் அட்டையால் தீர்த்தார்கள். பயிற்சிக்கூடம் எதுவும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

வெள்ளைச் சமன் என்ற ஒயிட் பேலன்ஸிலும் ஒரு நுணுக்கம். கேமராவுக்கு வெள்ளையைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லித் தர வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் நிற்பவரின் வேட்டியைக் காட்டுவார்கள். நீலம் போட்ட வேட்டி. கேமரா அந்த நீலத்தையும் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலிருந்தும் நீலத்தைக் கழிக்கும். படம் லேசாக மஞ்சளடிக்கும். தொழில்நுட்பப்படி இது பிழை. ஆனால் கல்யாண வீட்டார் அந்த மஞ்சளை விரும்பினார்கள், முகத்தில் களை வந்திருக்கிறது என்றார்கள். அதனால் சிலர் தெரிந்தே வேட்டியைத் தேடிப் போனார்கள். எனக்குச் சார்ட் பைத்தியம் உண்டு என்றாலும் இந்த விஷயத்தில் நான் வீடியோக்காரர் கட்சி.

அந்தக் கேசட்டுகள் உங்கள் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. விஎச்எஸ் பிளேயர் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி உள்ளவை பழையவைதான். கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் அதை எந்த பிளேயரிலும் போடாதீர்கள். ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், ஹெட்டையும் கெடுக்கும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்து தரத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நெடுநாள் சும்மா கிடந்த டேப்பை, ஓட்டுவதற்கு முன் முழுதாக ஒரு தடவை முன்னும் பின்னும் சுற்றி விடுங்கள். கேசட்டைப் படுக்கப் போடாமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், பரணில் வேண்டாம், ஓட்டுச் சூடு டேப்புக்கு ஆகாது. கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுப்பவர் நிறத்தைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டால், திருத்தாத பிரதி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் யாரோ ஒரு வீடியோக்காரர் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம்.